மற்றவை என்ற வகை

அன்புக்கரசி போனில் கூப்பிட்டபோது எபினேசர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். தயிர்சாதம். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

"சார், கேட்டாண்ட கம்பு தூக்க மாட்டேங்குது. வண்டி நின்னுகினு கீது," என்றாள் அவள்.

அன்புக்கரசி அந்தக் கண்டெய்னர் யார்டின் வாசல் செக்யூரிட்டி. நெட்டுக்குப்பத்துக்காரி. வருகிற லாரியின் எண்ணை ஒரு டேப்லெட்டில் தட்டிவிட்டுத் தடுப்புக் கம்பம் தானாக எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. எபினேசர் அங்கே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். யார்டு திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையோரம் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளை அங்கே கொண்டுவந்து அடுக்குவார்கள். கப்பல் ஏஜென்ட் 'விடலாம்' என்று சொன்னதும் லாரிகள் வந்து எடுத்துப் போகும். அந்த 'விடலாம்' ராயபுரத்தில் உள்ள ஏஜென்ட் ஆபீஸின் கம்ப்யூட்டரிலிருந்து யார்டுக்கு வர வேண்டும். வந்தால்தான் கம்பம் எழும்.

வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்திருந்தது. எபினேசரின் பக்கம்தான் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது.

திருப்பி அனுப்பியது 'கொக்கி'. புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான ஒரு லைப்ரரி அது. காலையில் எடுத்த போனைக் கீழே வைக்காமல் நாள் முழுக்கக் காதிலேயே வைத்திருப்பதுபோல, இரண்டு ஆபீஸ்களுக்கும் நடுவே ஒரு வெப்சாக்கெட் தொடர்பைத் திறந்தே வைத்திருக்கும். செய்திகள் அதன் வழியாகப் போகும், வரும். கொக்கியின் பெருமை அதன் கண்டிப்பு. ஒவ்வொரு செய்தியும் தான் என்ன வகை என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். எடை என்றால் எண்ணாக இருக்க வேண்டும். பெயர் என்றால் எழுத்து. தேதி என்றால் ஒத்துக்கொண்ட முறையில் தேதி. கொஞ்சம் பிசகினாலும் வாசலிலேயே மறித்துத் திருப்பிவிடும்.

அதை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவன் எபினேசர், இன்னொருத்தி அவன் மனைவி ஜானட். கிண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது எழுத ஆரம்பித்தார்கள். எழுதி முடிப்பதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முதல் சோதனைச் செய்தியாக ஜானட் "சாப்டீங்களா?" என்று அனுப்பினாள். வகை குறிப்பிடப்படவில்லை என்று கொக்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. இருவரும் வெகுநாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது ஜானட் ராயபுரத்து ஏஜென்ட் ஆபீஸில் இருந்தாள். ஒரு முனையில் மனைவி, மறுமுனையில் கணவன். இதைவிட ஒழுங்கான தொடர்பு யாருக்கும் அமையாது என்று யார்டு முதலாளி தங்கப்பாண்டி அண்ணாச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், ஒரு முனை மறுமுனையோடு பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எபினேசரின் அக்கா குடும்பத்தோடு நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். ஜானட் விடிகாலையில் காசிமேட்டுக்குத் தானே போய், செவுளைத் தூக்கிப் பார்த்துச் சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். அவள் அப்பா இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், தாத்தா கடலுக்குப் போனவர். அந்த வீட்டில் மீன் குழம்பில் தேங்காய் சேர்ப்பது மீனைச் சந்தேகப்படுவதற்குச் சமம். எபினேசர் வீட்டிலோ தேங்காய் அரைத்துவிடாத குழம்பு பாதியில் இறக்கிய குழம்பு. ஆனாலும் எல்லோரும் நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எபினேசர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கொஞ்சம் தேங்காய் அரைத்துவிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னான். அவன் சொன்னதைக்கூட ஜானட் பொறுத்திருப்பாள். அக்கா தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் முதல் ஜானட் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் ஆபீஸில் தேதி எழுதும் முறையை மாற்றினார்கள். வேறு சமயமாக இருந்தால் இரவு சாப்பிடும்போது அவனிடம் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் கொக்கி தன் கடமையைச் செய்தது.

அண்ணாச்சி அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

"உன் வீட்டுக்காரி ஆபீஸ்தானப்பா. ஒரு போன் போட்டா முடிஞ்சுதுல்லா," என்றார்.

போட்டுவிடுவதாக எபினேசர் சொன்னான். போடவில்லை. முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்ற கட்டத்துக்கு விஷயம் வந்திருந்தது.

போனுக்குப் பதிலாகக் கொக்கியின் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தினான். தேதி எந்த முறையில் வந்தாலும் வாங்கிக்கொள் என்று மாற்றி எழுதினான். உடனே செய்திகள் உள்ளே வந்தன. கேட்டுக்கு மேலே, டிரைவர்கள் பார்ப்பதற்காகச் சிவப்பு எழுத்துகள் ஓடும் பலகை ஒன்று இருந்தது. கொக்கியில் வருவது எதுவானாலும் அதில் தெரியும். முதல் லாரியின் டிரைவர் பீம்ராவ் அண்ணாந்து பார்த்தார். அவருடைய வண்டி எண்ணைப் போட்டு, மே மாதம் 11ஆம் தேதி வரவும் என்று பலகை சொன்னது.

அன்று நவம்பர் 5. ராயபுரம் அனுப்பிய 05-11 என்ற தேதியில் நாளை மாதமாகவும் மாதத்தை நாளாகவும் யார்டு படித்திருந்தது.

பீம்ராவ் கோபப்படவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, பக்கத்தில் டிபன் எங்கே கிடைக்கும் என்று அன்புக்கரசியிடம் விசாரித்தார். மே வரைக்கும் நிற்பதென்றால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும் என்றார்.

நாள்தான் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று எபினேசருக்குத் தோன்றியது. ஆனால் அவன் ஊகம் தப்பினால், விடக்கூடாத பெட்டி வெளியே போய்விடும். கேட்டே ஆக வேண்டும். கேட்கவும் கூடாது. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தான். எழுதி அனுப்பினால் அது பேசியதாகாது.

கொக்கியில் அப்படி வெறும் வாக்கியத்தை அனுப்ப வகை கிடையாது. எனவே புதிதாக ஒரு வகையை உண்டாக்கி அதற்கு 'மற்றவை' என்று பெயர் வைத்தான். அவசரத்தில் அது யாருக்கு, யாருக்கு இல்லை என்று பிரிக்கவில்லை. கொக்கியில் மாட்டியிருந்த எல்லா முனைகளிலும், எதை வேண்டுமானாலும் எழுதும்படியாக ஒரு வெற்றுக் கட்டம் முளைத்தது.

தேதியில் நாள் முன்னாலா, மாதம் முன்னாலா என்று தெரிவிக்கவும் என்று அதில் எழுதி அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. "நாள் முன்னால். மே மாதத்துக்குப் போனவற்றை மறுபடி அனுப்புகிறேன்."

இங்கே நிறுத்தியிருந்தால் பீம்ராவ் டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் கம்பம் எழுந்திருக்கும். எபினேசர் தேதியைச் சரிசெய்தான். கூடவே, முறையை மாற்றும்போதே சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு வரியும் அனுப்பினான்.

ராயபுரத்திலிருந்து பதில் வந்தது. "தேங்காயும் அரைத்து அனுப்பட்டுமா?"

இதற்குள் பீம்ராவுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்திருந்தன. அடுத்த லாரியின் எழிலன் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு, தனக்கு மெஷின் லோடு என்றுதான் சொன்னார்கள், தேங்காய் என்று யாரும் சொல்லவில்லையே என்று அன்புக்கரசியிடம் கேட்டார். அவள் மறுபடி அண்ணாந்து பார்த்தாள். பலகையில், குழம்பைப் பற்றிப் பேச இது இடமில்லை என்று ஓடியது. அதற்குப் பதிலாக, நாத்தனார் முன்னால் பேசினது மட்டும் இடமா என்று ஓடியது. எழிலனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தேங்காய் போடலாமா கூடாதா என்று டீக்கடையில் டிரைவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிதானமாக விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

அன்புக்கரசி போன் செய்தாள்.

"சார், இது ஆபீஸ் மேட்டரா, வூட்டு மேட்டரா? போர்டுல ஓடினு கீது."

பலகையை நிறுத்தலாமென்றால் வண்டி எண்களும் நின்றுபோகும். அதனால் எபினேசர் சண்டையைத்தான் நிறுத்தப் பார்த்தான். இனி 'மற்றவை' செய்தியைப் பெறுகிறவர் ஒரு பட்டனை அழுத்தி, கிடைத்தது என்று காட்ட வேண்டும். அழுத்தும்வரை, அதே முனையிலிருந்து அதற்குப் பின்னால் வரும் எந்தச் செய்தியும் நகராது. அப்படிச் செய்தால் ஆளுக்கொரு வரியில் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைத்தான். பட்டனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதிகம் யோசிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று வைத்தான். திருத்தத்தை இரண்டு பக்கமும் ஏற்றினான்.

அந்த நேரத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு வரி வந்து நின்றது. ஜானட்டின் திரையில் அவன் அனுப்பியது: "தேங்காயைப் பற்றி நான் சொன்னதில் தப்பே இல்லை." அதற்குக் கீழே, 'ஒப்புக்கொள்கிறேன்'. அவன் திரையில் அவள் அனுப்பியது: "மீனைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது." அதற்குக் கீழேயும், 'ஒப்புக்கொள்கிறேன்'.

ஜானட் அழுத்தவில்லை. எபினேசரும் அழுத்தவில்லை. மீனுக்குப் பின்னால், அவள் மறுபடி அனுப்பிய 'விடலாம்' எல்லாம் வரிசையாக நின்றன.

திருத்தத்தை எடுத்துவிடப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒருசேரத்தான் எடுக்க முடியும். எடுக்கச் சொல்லும் கட்டளையும் ராயபுரத்துக்குக் கொக்கி வழியாகத்தான் போக வேண்டும். அது தேங்காய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. தொடர்பை அறுத்து மறுபடி மாட்டினான். கொக்கி எதையும் மறப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படிதான் அவனும் ஜானட்டும் அதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். மாட்டியவுடன் அதே மீன், அதே பட்டன்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எபினேசரு, மெயின் ரோடு வரைக்கும் வண்டி நிக்கி. போலீஸ்காரர் வந்து கேட்டுட்டுப் போறாரு. சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா இந்தக் கொக்கியக் கழத்திருவோம். பழையபடி சீட்டு எழுதிக் குடுத்துக்கிடலாம். நீ எடைமேடைக்குப் போயிரு."

அண்ணாச்சி எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். அவரும் பலகையைப் படித்திருந்தார்.

"தேங்கா விஷயத்துல நீ சொன்னது சரிதான். ஆனா சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

அவர் போனபின் எபினேசர் பட்டனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எடைமேடைக்குப் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. கொக்கியைக் கழற்றிவிடுவார்கள் என்பதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை காபி. அதில் பாதி வரிகள் அவள் எழுதியவை. எந்த வரி யாருடையது என்று இன்றைக்கும் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். அவள் வரிகளில் தேவையில்லாத இடைவெளி ஒன்றுகூட இருக்காது.

மீனைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். சங்கராவையும் கிழங்கானையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று அவனால் சொல்ல முடியாது. ஒரு பட்டன்தான். விரலைக் கொண்டுபோனான். அக்கா தலையாட்டியது ஞாபகம் வந்தது. அதற்கும் சேர்த்து அல்லவா ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று விரலை எடுத்துக்கொண்டான். மறுபடி கொண்டுபோனான்.

அப்போது திரையில் ஒரு புதிய வரி தோன்றியது.

"தப்பு இந்தப் பக்கம்தான். மன்னிச்சிக்கோங்க."

எபினேசர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். அடைபட்டுக் கிடக்கும் வரிசையைத் தாண்டி அது எப்படி முன்னால் வந்தது என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. ஜானட் இப்படி ஒரு வார்த்தை எழுதி அவன் பார்த்ததே இல்லை. அவள் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருந்தால் இதை எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். தயிர்சாதமாக இருந்தாலும் தினமும் டப்பா கட்டி வைத்தவள்தானே என்று தோன்றியது. அந்த வரிக்குக் கீழே இருந்த 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அழுத்தினான். அதே கையோடு மீனுக்குக் கீழே இருந்ததையும் அழுத்தினான். இப்போது அதில் ஒரு கூச்சமும் இல்லை.

பின்னால் நின்ற 'விடலாம்'கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. வாசலில் கம்பம் எழுந்தது. பீம்ராவ் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் ராயபுரத்திலும் தேங்காய்க்குக் கீழே அழுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது.

எபினேசர் பெருந்தன்மையோடு, பரவாயில்லை, நடந்ததை மறந்துவிடுவோம் என்று எழுதி அனுப்பினான். கிட்டத்தட்ட அதே சமயத்தில் அங்கிருந்தும் ஒரு வரி வந்தது. "பரவால்ல. இதோட விட்டுடலாம்." மன்னிப்புக் கேட்டவளே பரவாயில்லை என்பது சற்று வித்தியாசமாகத்தான் இருந்தது. கூச்சத்தில் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். முதல் வேலையாக 'மற்றவை' வகையைக் கொக்கியிலிருந்து நீக்கினான். அண்ணாச்சி ஒரு டீ அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் கடைசி லாரியும் போனபின் அவன் வாசலுக்கு வந்தபோது, ஜானட் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தாள். ராயபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் அவனை அழைத்துப்போக அவள் வந்ததே கிடையாது. வண்டியின் முன்னால் ஒரு பை தொங்கியது. அதில் மீன் வாசனை வந்தது. மீனோடு ஒரு தேங்காயும் இருந்தது.

எபினேசருக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த நேரத்தில் தானும் இறங்கிப் போவதுதான் முறை என்று நினைத்தான்.

"நீ அவ்வளவு தூரம் சொல்லியிருக்க வேண்டாம் ஜானட். என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு," என்றான்.

"நான் இன்னா சொன்னேன்?"

"அதான், தப்பு இந்தப் பக்கம்தான், மன்னிச்சிக்கோங்கன்னு."

ஜானட் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "அது நீங்க எனக்கு அனுப்புனது. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தபாகூட எனக்கு 'ங்க' போட்டதில்ல, இன்னிக்குப் போட்டுட்டீங்களேன்னுதான் இந்தத் தேங்காயே வாங்கினேன்."

"நான் அனுப்பலையே."

"அப்போ நான் அனுப்புனேன்னு சொல்றீங்களா? நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

இருவரும் போனில் கொக்கியின் பதிவைத் திறந்து காட்டிக்கொண்டார்கள். இரண்டிலும் அதே வரி, எழுத்து மாறாமல். அனுப்பியவர் பெயர் இரண்டிலும் இல்லை. கொக்கியை எழுதியபோது பேசுவதற்கு இருவர்தான் இருந்தார்கள். நான் அனுப்பாதது நீ அனுப்பியது, இதற்குப் பெயர் எதற்கு என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்திருந்தார்கள்.

ஜானட் ஸ்கூட்டியிலிருந்து சாவியை உருவிக்கொண்டாள். அப்படியென்றால் தப்பு தன் பக்கம் இல்லை என்றுதான் அவர் இன்னமும் நினைக்கிறாரா என்று கேட்டாள். அவள் நினைக்கிறாளா என்று அவன் கேட்டான். தேங்காயை அவள் பையிலிருந்து வெளியே எடுத்தாள். அதை என்ன செய்வதாக இருந்தாள் என்று தெரியாது.

ஷிப்ட் முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்புக்கரசி அவர்களைப் பார்த்து நின்றாள்.

"அத்த நான்தான் சார் தட்டுனேன். என் டேப்லெட்லயும் அந்தக் கட்டம் வந்துச்சு, போர்டுல வரட்டும்னு தட்டிவுட்டேன்," என்றாள். "காலைலேர்ந்து நின்னுகினு கீற டிரைவருங்களாண்ட, நம்ம பக்கத்துலேர்ந்து ஒருத்தராவது மன்னிப்பு கேக்கணும்ல?"